மூன்று சதுர மீட்டர்

எடை எவ்வளவு என்று கேட்டாள் மாரென்.
அறுபத்தெட்டு என்றேன்.
அது ஏழு வருஷத்துக்கு முந்தைய எண்.
மருத்துவரிடமும் அதையேதான் சொல்லி வருகிறேன்.

ரேமே தீவின் தெற்குக் கரையில்
கார்கள் மணலிலேயே நிற்கும்.
கடல் பின்வாங்கி,
கண்ணுக்கெட்டியவரை ஈரத்தை
இஸ்திரி போட்டு விரித்துவைத்திருந்தது.
மாரெனின் கடை ஒரு பழைய குதிரைப்பெட்டி வண்டி.
உள்ளே சக்கரப் பலகைகள்,
உப்பு வெளுத்த தலைக்கவசங்கள்,
ஆணியில் ஒரு குளியலறைத் தராசு.
அதைப் பார்த்துக்கொண்டே
எழுபத்தாறு என்று திருத்தினேன்.
தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

என் காரின் பின்பெட்டியில்
ஐந்து சதுர மீட்டர் இருந்தது.
எஸ்பியர்கில் ஒருவனிடம் பாதி விலைக்கு வாங்கியது.
அவன் இடது மணிக்கட்டில் கட்டு.
பார்த்தேன்.
ஏன் விற்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

மாரென் உள்ளங்கையளவு காற்றாடி மீட்டரைத்
தலைக்குமேல் பிடித்தாள்.
ஏழு, என்றாள். பிறகும் கையை இறக்கவில்லை.
ஏழு. ஆறு. எட்டு. ஏழு.
என் மூக்கு ஒழுகத் தொடங்கியது.
பதினொன்று.
"சராசரிக்குப் பட்டம் எடுக்காதே,
வீச்சுக்கு எடு.
ஏழு பதினொன்றானால்
இழுப்பு இரண்டரை மடங்கு."
மூன்றை எடுத்து நீட்டினாள்.
மடித்தபோது தலையணை உறை மாதிரி இருந்தது,
சின்னப்பிள்ளைத் தலையணை.

ரீபேயில் இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன்.
பன்னிரண்டு டன்.
என்னிடம் தலையணை உறையா?

அவள் அடுத்த ஆளைக் கவனித்த நேரத்தில்
ஐந்தை விரித்தேன்.
சிவப்பு, நடுவில் ஒட்டுப்போட்ட கிழிசல்.
நான்கு கயிறுகள், இரண்டு கைப்பிடிகள்,
மணிக்கட்டுப் பட்டைகள். பலகையில் கால்.
பட்டம் எழுந்தது,
எழுந்ததோடு என்னையும் எழுப்பியது.
அந்த அரை நொடியில் எடை கேட்டிருந்தால்
பூஜ்யம் என்று உண்மையே சொல்லியிருப்பேன்.
பிறகு முழங்கால், பிறகு தாடை,
பிறகு ஈர மணல் நெடுக
என் பெயரின் முதல் எழுத்து மாதிரி ஒரு கோடு.
விடு! விடு! என்று யாரோ கத்தினார்கள்.
விடுவதற்குத்தான் விரல்களே ஒப்பவில்லை,
ஸ்டீயரிங்கை விட்டுப் பழக்கமில்லை அவற்றுக்கு.

விட்டேன்.
பட்டைகள் பின்கயிற்றை இழுக்க
அவ்வளவு பெரிய கோபம்
துணியாகி விழுந்தது.

மாரென் நடந்து வந்தாள். ஓடி வரவில்லை.
எல்லாப் பல்லும் இருக்கிறதா என்றாள்.
நாக்கால் எண்ணினேன். மணலையும் சேர்த்தால் கூடுதல்.
வேறொன்றும் சொல்லாமல்
மூன்றை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

விரலுக்கேற்ற வீக்கம்.
எப்போதும் அடுத்தவர் விரலைப் பார்த்துத்தான்
அதைச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் பலகை இல்லாமல், நின்றபடி,
இடம், வலம், தலைக்கு மேலே.
மூன்று சும்மா இல்லை, அதுவும் தோளைக் கேட்டது;
கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தது.
ஒரு வீச்சு வந்தது, பதினொன்றாகத்தான் இருக்கும்,
இரண்டு எட்டு முன்னால் தள்ளி
நிறுத்தியது என்னை.
பஸ்ஸில் நான் பிரேக் பழகியதும்
காலியான சாலைக்காக அல்ல,
பந்தின் பின்னால் ஓடிவரும் குழந்தைக்காக.
ஏன் இது இங்கே உறைக்கவில்லை?

மாலை நாலரைக்குப் பலகையில் ஏறினேன்.
நாற்பது மீட்டர்.
மாரென் முப்பது என்கிறாள்.
சக்கரங்கள் நண்டு ஓடுகளை நொறுக்கும் சத்தம்,
காதில் காற்று,
இடுப்பைப் பின்னால் சாய்த்தால் போதும்,
எடை முழுவதும், எழுபத்தாறும்,
முதல் தடவையாக உபயோகப்பட்டது.
ஒரு கிலோகூட வீணில்லை.

நாளைக்கு நாலுதான் வீசும்,
ஐந்தைக் கொண்டு வா என்றாள்,
கல்லீரல் பசை தடவிய ரொட்டியை மென்றுகொண்டே.
நாளை எனக்குக் காலை ஷிஃப்ட்.

பின்பெட்டியில் சிவப்பைத் திணிக்கும்போது
ஹாம்பர்க் எண் பலகைக்காரன் ஒருவன் வந்து நின்றான்,
புதுக் கையுறை, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.
எத்தனை மீட்டர், ஐந்தா,
விற்பீர்களா என்றான்.

எடை எவ்வளவு என்று கேட்டேன்.

அவன் யோசித்தான்.
யோசிக்கும்போதே
பெட்டியை மூடிவிட்டேன்.