ஏழாம் நம்பர்

அந்த வரியை எழுதியது நான்தான்.
ஒரு புதன்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு,
கொட்டாவியை அடக்கிக்கொண்டு:
வீட்டின் பரப்பு மூவாயிரம் சதுர அடி தாண்டினால்
தள்ளுபடி.
சோதித்தோம். ஓடியது.
ஜெயசீலன் சார் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

ஆறு மாதம் கழித்துக் கள ஆய்வு.
தள்ளுபடியான இருபது பேரை
நேரில் பார்த்து வர உத்தரவு.
காரைக்குடியில் இறங்கிப் பள்ளத்தூர் பஸ் ஏறினோம்,
நானும் வருவாய் ஆய்வாளர் மெஹர்பானுவும்.

பதினொன்றாவது பெயர் சேவுகன்.
வயது எழுபத்தொன்று. விண்ணப்பம், முதியோர் உதவித்தொகை.
வீட்டின் பரப்பு
முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
"ஜமீன்தான் போல" என்றேன்.
மெஹர்பானு சிரிக்கவில்லை.

ஒரு தெருவில் தொடங்கி
மறு தெருவில் முடிகிற வீடு.
முன்வாசலில் பூட்டு, பின்வாசலில் அவர்.
இடுப்பில் அறுபது சாவி;
நடந்தால் கோயில் மாடு வருகிற சத்தம்.
அவர் படுப்பது கடைசிக் கட்டில்,
முன்பு விறகு அடுக்கிய அறை.
பாய். ஸ்டவ். ஆணியில் மருந்துக்கடைப் பை.
காலடியால் அளந்தேன்.
எட்டுக்குப் பத்து.

"வீட்டுக்காரங்க?"
"முப்பத்தொரு புள்ளி. படைப்புக்கு வருவாக,
ரெண்டு நாள்."
இங்கே புள்ளி என்றால் ஒரு குடும்பம்.
அந்த முப்பத்தொன்றில் இவர் இல்லை.
என் புள்ளிவிவரத்திலோ
தூண் தூணாக, ஜன்னல் ஜன்னலாக
மொத்த வீடும் இவர் தலையில்.

குறுஞ்செய்தியைக் காட்டினார்.
*தகுதியின்மை. குறியீடு 07.*
தாலுகா ஆபீஸுக்கு மூன்று தடவை போயிருக்கிறார்,
ஏழாம் நம்பர் ஜன்னலைத் தேடி.
அங்கே இருப்பது நாலு ஜன்னல்.
"நாலுதான் இருக்கு தாயி.
மத்த மூணும் எங்க வச்சிருக்காக?"

பிறகு கேட்டார், இதைப் போட்டது யாரென்று.
"சிஸ்டம்" என்றேன்.
மெஹர்பானு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
அந்த ஒரு சொல்லுக்குள்தான்
எத்தனை கட்டு, எத்தனை பூட்டிய அறை,
எவ்வளவு வசதியாக ஒரு ஆள் ஒளிந்துகொள்ளலாம்.

இரவு, லாட்ஜில் மடிக்கணினியைத் திறந்தேன்.
என் கடவுச்சொல்லுக்கு எல்லாக் கதவும் திறக்கும்.
ஒரு வரி போதும்;
விடிவதற்குள் சேவுகன் தகுதியானவர்.
கர்சர் துடித்தது.
இன்று இவருக்குக் கொடுக்கிற கையும்
நாளை பிடிக்காதவன் பெயரை அடிக்கிற கையும்
ஒரே கடவுச்சொல்லில் நுழையும்.
மூடிவிட்டேன்.
நல்லவள் என்பதால் இல்லை, பயத்தால்.
அப்படி ஒரு கையை
எனக்கு நானே வைத்துக்கொண்டதும் என் பிழைதான்,
யாரும் இன்னும் கண்டுபிடிக்காத பிழை.

மாற்றமில்லாமல் தேடிப் பார்க்க மட்டும் செய்தேன்.
பெரிய வீடு, சிறிய வருமானம்:
இந்தத் தாலுகாவில் இருநூற்றுப் பதினாறு பேர்.
காவல்காரர், சமையற்காரர்,
பங்கு வழக்கு முடியாத வீட்டில்
ஓரத்தில் குடியிருக்கும் ஒரு விதவையும் மகனும்.

சாருக்கு எழுதினேன்:
பரப்பைக் கேட்க வேண்டாம், பட்டா யாருடையது என்று கேட்போம்.
இல்லை என்பதை முழு வாக்கியமாகச் சொல்வோம்.
கடைசி 'இல்லை'யை ஒரு மனிதர் சொல்லட்டும்,
கீழே பெயரோடு.
என் கையையும் வெட்டுங்கள்:
இரண்டு பேர் சேர்ந்தால்தான் எந்தப் பதிவும் மாறவேண்டும்.

"நியாயம்தான். ஆனா ஜூலை ரிலீஸ்லதான் பார்க்கலாம்."

"அதுவரைக்கும் 07-க்குப் பதிலா
என் பேரும் போன் நம்பரும் போடலாமா?"
சிரித்தார். "உன் தலையெழுத்து. போட்டுக்க."

சேவுகனுக்கு இன்னும் பணம் வரவில்லை.
மெஹர்பானு எழுதிய அறிக்கை சிவகங்கையில்
யாருடைய மேஜையிலோ.
போனில் நான் அதைச் சொன்னபோது
"சரி தாயி" என்றார். அந்தச் 'சரி'யை
எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியவில்லை.

நேற்றுக் காலை, பல் தேய்க்கும்போது
தெரியாத எண். கானாடுகாத்தானிலிருந்து ஒரு பெண்குரல்,
பின்னணியில் குக்கர் விசில்.

"ஏழாம் நம்பர் நீங்கதானாம்மா?"

வாயில் நுரையோடு சொன்னேன்:
ஆமாம்.