காலி

ராத்திரி ஒன்று நாற்பதுக்குக் கன்னியப்பன் போன்.
"இன்னாமா இது, கேட்டு தொறக்கவே மாட்டேங்குது,
வண்டி காசிமேடு வரிக்கும் நிக்குதாம்,
டிரைவருங்கோ என்னிய அடிக்க வர்றானுங்கோ."

தெரியும்.
வரிசையின் வால் எங்கள் தெருமுனையில்தான் கிடக்கிறது.
இரண்டு மணிநேரமாக ஒரு டிரெய்லர்
என்ஜினை அணைக்காமல் உறுமி
ஜன்னல் கண்ணாடியைத் தந்தியடிக்க வைக்கிறது.

தங்கை நைட் ஷிப்ட் போனதால்
எனக்குக் கிடைத்த முழுப்பாயில்
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
மணலிப் பக்கக் காற்று. கேஸ் வாசனை.
கறுப்புத் திரையில் கர்சர்,
என்ன என்ன என்ன என்று கேட்டபடி.

கடவுச்சொல். தப்பு.
மறுபடி கடவுச்சொல்.
எர்ணாவூர் யார்டில், ஒழுகும் ஏசிக்குக் கீழே
துண்டு போர்த்திய அந்தப் பெட்டிக்குள் இறங்கிவிட்டேன்.

ஃப்ரீ என்று அடித்து, ஒரு சின்னக் கோடு, எம்.
பதில் வரவே ஏழு நொடி.
மொத்தம் பதினாறாயிரத்துச் சொச்சம்.
காலி: இருநூற்றுப் பன்னிரண்டு.

பக்தவச்சலம் சார் லைனில் சேர்ந்துகொண்டார்.
"காலியே இல்லையா? ராம் வாங்கணுமா?
ஹெட் ஆபீஸ்ல கையெழுத்தாக மூணு மாசம் ஆகுமேம்மா."

காலி என்ற சொல்லை நான் நம்புவதில்லை சார்.
குடம் காலி என்றால் மெட்ரோ தண்ணி லாரி வரவில்லை.
ஆள் காலி என்றால் விடிந்ததும் சுவரில் போஸ்டர்.
வீட்டைக் காலி பண்ணு என்றால்
ஓனர் மகனுக்குப் பெண் பார்த்தாயிற்று.
கடைசிப் பத்தியைப் படியுங்கள், அவைலபிள்.
நிரம்பித் தெரியும், கேட்டால் ஒதுங்கிக் கொடுக்கும்.
எங்கள் பத்துக்குப் பன்னிரண்டில்
அத்தை குடும்பம் வந்த அன்று
கட்டிலைச் சுவரில் சாய்த்தோம்,
நாலு பேர் கால் நீட்டினார்கள்.
கேஷ் என்பது அந்தக் கட்டில்தான் சார்

என்று சொல்லிக்கொண்டே பார்க்கிறேன்,
அவைலபிளும் முன்னூறு.

பாடத்தை அங்கேயே நிறுத்தினேன்.

ஸ்வாப்பும் விளிம்பு வரை.
உள்ளே இடமில்லாமல் மாடிப்படியில் வைத்த சாமானை
ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கி எடுக்கிறது பாவம்,
அதற்குள் கேட்டில் பத்து ஹாரன்.

யார் எவ்வளவு தின்கிறார்கள், வரிசையாகச் சொல்.
முதல் வரி: கேமரா.
நம்பர் பிளேட்டைப் படித்து, பதிந்து,
படத்தை மறந்துவிட வேண்டிய நிரல்.
மறக்கவில்லை.
பதினொரு நாளாக வந்த ஒவ்வொரு வண்டியையும்,
ஹெட்லைட், பம்பரில் கறுப்புக் கயிறு,
காய்ந்த எலுமிச்சம்பழம், கிளீனர் பையனின் கொட்டாவி,
எல்லாவற்றையும் நெஞ்சில் அடுக்கி வைத்திருக்கிறது.
எழுதியவர் மறக்கச் சொல்ல மறந்துவிட்டார்.

எழுதியது நான்.
பக்தவச்சலம் சாரிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

கில், கழித்தல் பதினைந்து.
கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கிளம்பு, மரியாதையாக.
முப்பது எண்ணினேன்.
அசையவில்லை.
கழித்தல் ஒன்பது.
ஒன்பதில் பேச்சுவார்த்தை கிடையாது.

ஃப்ரீ. கோடு. எம்.
இந்தமுறை உடனே வந்தது பதில்:
பத்தாயிரத்து எண்ணூற்று நாற்பது.
நிரலை மறுபடி எழுப்பிவிட்டேன், ஒன்றும் தெரியாத முகத்தோடு.
கன்னியப்பன், "தூக்கிக்கிச்சுமா, தூக்கிக்கிச்சு" என்றான்,
போனை வைக்காமலே யாரையோ திட்டப் போய்விட்டான்.

எனக்கு உறுதியாகவில்லை.
திரையில் தெரிவது எண்தானே.
விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

இருபத்தைந்து நிமிடம் பிடித்தது
அந்த இடைவெளி ஏழு கிலோமீட்டர் நடந்து எங்கள் தெருவுக்கு வர.
உஸ்ஸென்று ஏர் பிரேக்.
முதல் கியர்.
கண்ணாடி அடங்கியது.

டிரெய்லர் நின்ற இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை.
எதிர்க் கடையடியிலிருந்து ஒரு நாய் எழுந்து வந்து
மோந்து, சுற்றி,
என்ஜின் சூடு இன்னும் மிச்சமிருந்த தரையில்
படுத்துக்கொண்டது.