மன்னிப்பு ஞாயிறு

அலாஸ்கா, கோடியாக் தீவு. மரக்கோயிலில்
வரிசை நகர்கிறது.
ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டு
"பாவி என்னை மன்னியுங்கள்" என்கிறோம்.
நிகிஃபோரிடம் சொல்வது எளிதாயிருந்தது.
பாதிரியாரின் மனைவியிடமும்.
அடுத்து ஃபெவ்ரோனியா.

பதினோரு கோடை
அவள் கொட்டகையில் சால்மன் புகைய
எரிந்ததெல்லாம் என் வயிறு.
அவள் வலை கிழிய வேண்டுமென்று
மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான்,
இதே கோயிலில்.

குனிந்தேன். முழங்கால் முனகியது.
நிமிர்ந்தால்
எனக்கும் கீழே கிடக்கிறாள் அவள்,
நெற்றி பலகையில்.
"கடவுள் மன்னிப்பார், நானும்.
எதற்கென்று கேட்கமாட்டேன்.
நீயும் கேட்காதே."

நாளை நோன்பு தொடங்குகிறது.
அவளுக்கும் மீனில்லை, எனக்கும் இல்லை.
உள்ளே அணைந்துவிட்டதா
என்பது
கோடையில் அந்தப் புகை
என் ஜன்னலுக்கு வரும்போது தெரியும்.