இடவலம்

லாபிசில் தண்ணீர் வடிந்த நான்காம் நாள்
ஆலயத்து மேடையில் ஊறிக் கிடந்த
வேதத்தைத் தூக்கினேன்.
செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
பன்னிரண்டு வருடம் லோரி நிறுத்த கை,
பொய் சொல்லாது:
பத்துக் கிலோ.
நனையுமுன் நாலு இருந்திருக்கும்.
மீதி ஆறு.

இரும்புக்கடை ஆ லெக் தவுக்கே
பெரிய காற்றாடியை இரவல் தந்தார்.
வாடகை வேண்டாம், பிளக்கை மட்டும்
ஈரத்தில் வைக்காதே என்றார் மலாயில்.
ஷிப்ட் முடிந்து வந்தும்
ஷிப்டுக்குப் போகுமுன்னும்
தாளுக்குத் தாள் டிஷ்யூ வைத்துத் திருப்பினேன்.
ராஜாக்களின் சண்டைக்கு நடுவே
அரிசிமணி அளவில் ஒரு நத்தை, உயிரோடு.
இன்னொரு பக்கத்தில் கோரைப்புல் ஒன்று
அடிக்கோடு போட்டதுபோல் நேராய் ஒட்டியிருந்தது.
எந்த வசனம் என்று ஆசையாய்க் குனிந்தேன்.
வெறும் பெயர்ப்பட்டியல்.

வெள்ளத்தின் கதை மட்டும் பிரியவில்லை.
அந்த நாலு தாளும்
ஒரே பலகையாகியிருந்தன.

நான் அவரை நம்பத் தொடங்கியது
ஆலயத்தில் அல்ல.
விடிகாலை ஐந்தரைக்கு,
எடைப்பாலத்துக் கண்ணாடிக்கு அப்பால்
பனி கலைந்து மரம் மரமாய்த் தோட்டம் வெளிவரும்போது.
ஒவ்வொரு மட்டையும் அத்தனை திருத்தமாக,
அவசரமில்லாத ஒருவர் எழுதியதைப்போல.
பெயர் தெரிந்தது பிறகுதான், படித்து.
அதே தோட்டம் இப்போது
மார்பளவு சேற்றுக்கறையோடு நிற்கிறது.
அழகு என்ற சொல்
வாய் தவறியும் வரவில்லை.

ஞாயிறன்று போதகர்
வானமும் நிலமும் அவர் எழுதிய முதல் ஏடு என்றார்,
எழுத்தறியாதவனும் படிக்கலாம் என்றார்.
ஆமென் சொன்னோம்.
மூன்றாம் வரிசையில் லீதியாள் சொல்லவில்லை.
கட்டிக் கிடந்த மாட்டை அவிழ்க்கப் போன ஆரோனை
இரண்டு நாள் வைத்திருந்து
பத்தாம் நம்பர் பாலத்தடியில்
விட்டுப் போயிருந்தது தண்ணீர்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள்:
"ஆறும் அவர் கையெழுத்துதானே அக்கா?
அப்ப என் வீட்டுக்காரர் பேரை மட்டும்
எதுக்கு அழிச்சார்?"

என்னிடம் பதில் இல்லை.
குடை இருந்தது.
சின்னக் குடை, இருவரும் நனைந்தோம்.

புதன் இரவு, கூப்பிடாமலே வந்தாள்.
வெண்ணெய்க் கத்தியை விளக்கில் சூடுகாட்டி
அந்தப் பலகையின் ஓரத்தில் நுழைத்தாள்,
மூச்சைப் பிடித்தபடி, மயிரிழை மயிரிழையாய்.
தாள் கிழியவில்லை.
மை இடம் மாறியிருந்தது.
இந்தப் பக்கத்து எழுத்தெல்லாம்
அந்தப் பக்கத்தில், இடவலம் புரண்டு.

வெளியே போனாள்.
ஆரோனின் மோட்டாரில்
உடையாமல் தப்பியது ஒரு பக்கக் கண்ணாடி.
கழற்றிக்கொண்டு வந்து
சாய்த்துப் பிடித்தாள்.
எழுத்துகள் நிமிர்ந்து உட்கார்ந்தன.

மலையும் மழையும் இந்தச் சேறும்கூட
இப்படித்தானோ,
வேறெங்கோ நேராய் நிற்கும் ஒரு சொல்
நம் பக்கம் ஈரத்தில் ஒட்டி விழுந்தது?
தோன்றியது.
அவளிடம் சொல்லவில்லை. அவளிடம் அதைச் சொல்ல
நான் யாரையும் தண்ணீருக்குக் கொடுத்ததில்லை.

விரல் வைத்து எழுத்தெழுத்தாய்ப் போனாள்.
பாதி இல்லை. பாதி கறை.
கண்ணாடியில் ஒரு சொல் மட்டும் தெளிந்தது:
நினைத்தருளினார்.
யாரை என்ற இடத்தில்
சேறு.

லீதியாள் அதைத் துடைக்கவில்லை.
சட்டைப் பொத்தான் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல
கட்டைவிரலால் தடவினாள்.
காற்றாடி தாளைத் தூக்கியபோதெல்லாம்
உள்ளங்கையால் அமர்த்திக்கொண்டாள்.

முதல் லோரி ஹார்ன் அடித்தது.
வெளியே இன்னும் இருட்டு.
"நீங்க போங்கக்கா," என்றாள்,
"மிச்சத்த நான் திருப்புறேன்."