பிராசசர் மாத்தலாமுங்களா

பதினாறு தறி, ரெண்டு ஷிப்ட்.
ஒரு கூலி பில் திறப்பதற்குள்
ஒரு டம்ளர் டீ ஆறிவிடும்.
ஆறின டீ பழகிவிட்டது.
பில்தான் பழகவில்லை.

சோமனூரில் எனக்குத் தெரிந்த எல்லாமே கழலும்.
மோட்டார் கருகினால் காயில் கட்டி வரும்.
நாடா உடைந்தால் வேறு நாடா.
பல்சக்கரம் தேய்ந்தால் லேத்துக்காரர்
தேய்ந்ததைப் பார்த்தே புதுசைக் கடைந்து தருவார்.
துண்டு துண்டாக அத்தனையும் மாற்றிவிட்டு
மாமனார் வாங்கிய அதே தறி என்று
சத்தியம் செய்கிறவர் என் வீட்டுக்காரர்.

அந்தத் தைரியத்தில்தான்
மஞ்சப்பையில் லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு
கருமத்தம்பட்டி நால்ரோட்டில்
பேக்கரிக்கு மேல் மாடி ஏறினேன்.

"தம்பி, இதுக்கு பிராசசர மட்டும்
பெருசா ஒண்ணு மாத்திப் போடலாமுங்களா?"

அஸ்லாம் சிரிக்கவில்லை.
பின்மூடியைக் கழற்றி, லென்சைச் சாய்த்து,
என்னையே பார்க்கச் சொன்னான்.
"சொருவுனது இல்லீங்கக்கா, ஈயம் வெச்சு ஒட்டுனது.
அடியில ஆயிரத்துச் சொச்சம் குண்டு, கடுகுல பாதிகூட இருக்காது.
பேத்தெடுத்து வேற வெக்கறவங்களும் இருக்கறாங்க,
அந்தக் காசுக்கு வேற லேப்டாப்பே வாங்கிப்போடலாம்.
வெச்சாலும் போர்டு ஏத்துக்கோணுமில்லீங்களா?"

ஏத்துக்கோணும்.
இதுவரை மருமகள்களுக்கு மட்டும்தான்
அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன்.

அலமாரியிலிருந்து ஒரு பழைய தடியனை எடுத்தான்.
ஒற்றைத் திருகாணி, அரைச் சுற்று.
பிராசசர் அவன் விரலோடு வந்துவிட்டது,
அடியெல்லாம் பொன்னிற முள், பிரஷ் மாதிரி.
எனக்குக் கை பரபரத்தது. இதுதானே நான் கேட்டது!
"இதுல மாத்தலாங்க்கா. ஆனா
எதை மாத்திப் போட்டாலும்
உங்களுதோட வேகத்துக்கு வராது."

கீழே பேக்கரியில் தேங்காய் பன் வெந்துகொண்டிருந்தது.
எனக்கு உடனே பதில் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் விசிறியைக் கழற்றினான்.
அதன் வாயில் இருந்து
ஒரு பட்டை, கம்பளித் துணி கிழிந்ததுபோல், முழுசாக வந்தது.
அவனுக்கு அது தூசி.
எனக்கு ஆள் தெரியும்.
வெள்ளை, மேலே கொஞ்சம் பச்சை, மறுபடி வெள்ளை.
பச்சை, ஆவணியில் பன்னிரண்டு நாள் ஓடிய பாவு.
அந்தப் பார்ட்டி இன்னும் பாக்கி தரவில்லை.

"சூடு தாங்காம
தன்னால வேகத்தைக் கொறைச்சுக்குதுங்க்கா.
இல்லாட்டி எரிஞ்சுபோயிரும்.
அது மேல தப்பில்லை."

புதுப் பசை வைத்தான். ரேம் ஒன்று சேர்த்தான்.
எண்ணி வாங்கிக்கொண்டு, படியிறங்கும்போது சொன்னான்:
"தறிக்கொட்டகைப் பக்கமா வெக்காதீங்க."

வைக்கவில்லை.
அன்றைக்கே மேசையை உள்ரூமுக்குத் தள்ளிவிட்டேன்,
கதவிடுக்கில் பழைய சேலையைச் செருகினேன்.
இப்போது டீயில் ஆவி பறக்கும்போதே பில் திறந்துகொள்கிறது.

பொங்கியண்ணன் ராத்திரி ஷிப்ட்.
பதினோரு வருசமாக அதே எட்டுத் தறிக்கு நடுவில்.
அறுந்த இழையை முடிய
இந்த வருசம் கொஞ்சம் நேரமாகிறது அவனுக்கு.
மீட்டர் குறையுதே என்று
போன வாரம் நான்தான் கேட்டேன்.
இருமி முடித்து,
"பாக்கறேனுங்க" என்றான்.

சனிக்கிழமைக் கூலிக் கணக்கு
நாலு நிமிசத்தில் முடிந்துவிட்டது.
அவன் கொட்டகை வாசலில்
பனியனால் மூக்கைத் துடைத்தபடி நிற்பது
உள்ரூமிலிருந்து தெரியாது.
பணத்தை எண்ணி வைத்துவிட்டு
கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்,
டீ ஆறும்வரை.