குடத்தின் அளவு

நூற்று முப்பத்தைந்து லிட்டர் என்றேன்.
ஓர் ஆளுக்கு, ஒரு நாளைக்கு.
நானே அளந்து வந்ததுபோல்
முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

சயானில் எங்கள் கல்லூரி, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம்.
லோக்கல் கடக்கும்போதெல்லாம்
பேசுகிறவர் மீதி வாக்கியத்தை
வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.
ஜூலை மாதம். வாசலில் குடைகள் ஒழுகின.

"எங்க சந்துல முப்பதுகூட வராது."
கடைசி வரிசைக் குரல்.
திருநெல்வேலி ஏறி இறங்கும் இந்தி.
தாராவியிலிருந்து நடந்தே வரும் இசக்கிமுத்து.

ஆதாரம் என்ன என்று கேட்டேன்.
ஆங்கிலத்தில் கேட்டேன்.
வீட்டில் அம்மாவோடு தமிழில் சண்டை போடுகிறவள்தான்,
அன்று அது நினைவுக்கு வரவில்லை.
இல்லை, வந்தது.
உன் சந்து ஒரு தரவு இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.
நிலேஷ் சிரித்தான்.
ஃபர்ஸானா பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கேள்வியில் பிழையில்லை,
ஆதாரம் கேட்கத்தான் வேண்டும்.
ஆனால் பதில் வந்துவிடக் கூடாதே என்று
வேண்டிக்கொண்டு கேட்ட கேள்வி அது.

அன்றிரவு செம்பூரில்
என் நூற்று முப்பத்தைந்தைத் தேடினேன்.
அக்கா விட்டுப்போன கைடில், பக்க ஓரத்தில்,
பென்சிலில் இருந்தது.
யார் சொன்னது, எந்த ஊருக்கு, எந்த வருடத்துக்கு
ஒன்றும் இல்லை.
சுவருக்கு அந்தப்பக்கம் அண்ணன் குளிக்கும் சத்தம்
நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழன்
கோடு போட்ட நோட்டோடு எழுந்தான்.
ஏழு நாள். பன்னிரண்டு வீடு.
குழாய் வந்த நேரம், நின்ற நேரம்,
வீட்டுக்கு எத்தனை தலை, தலைக்கு எத்தனை குடம்.
ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே ஒரே ஒரு சொல்: வரவில்லை.
அவசரமில்லாமல் படித்தான்.
பிறகு,
"செல்வியக்கா வீட்டு டிரம்ம விட்டுட்டேன்.
நேத்துதான் தெரிஞ்சுது. சேர்த்தா முப்பத்தி நாலு.
போன வாரம் முப்பதுகூட வராதுன்னு சொன்னது தப்பு."

யாரும் அவனைக் கேட்கவில்லை.
அந்த டிரம் அங்கே ஒருவருக்கும் தெரியாது.
கையில் இருந்த வெற்றியிலிருந்து
நான்கு லிட்டரை எடுத்து
எங்கள் முன்னால் ஊற்றிவிட்டு உட்கார்ந்தான்.

நான் எழுந்தேன்.
என் எண்ணுக்கு மூலம் தெரியாது,
போன வாரம் நான் பேசிய விதம் சரியில்லை
என்று சொல்லி முடித்த அதே நொடி
கீழே கல்யாண் ஃபாஸ்ட்.
பெட்டி பெட்டியாகக் கடந்தது என் வாக்கியத்தின் மேல்.
சொல்லியாயிற்று என்று உட்காரப் பார்த்தேன்.

"கேட்கல," என்றாள் ஃபர்ஸானா.
"திரும்பச் சொல்லு."

ஒரு முறை சொல்வதற்குத்தான்
பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன்.
இரண்டாம் முறைக்கு அலங்காரமே கிடைக்கவில்லை.
"எனக்குத் தெரியாம சொன்னேன். உன்னைக் குத்தச் சொன்னேன்."
கரும்பலகையில் என் எண்ணின் பக்கத்தில்
கெய்க்வாட் மேடம் ஒரு கேள்விக்குறி போட்டார்.
அவன் எண்ணின் பக்கத்திலும் ஒன்று போட்டார்.
நிலேஷ் இந்த முறை சிரிக்கவில்லை,
ஏதோ குறித்துக்கொண்டான்.

படிக்கட்டில் அவனைப் பிடித்தேன்.
தமிழில் கேட்டேன்:
"குடம் எத்தனை லிட்டர்?"

நின்றான். ஒரு படி மேலே பார்த்தான்.
நான் தமிழா என்று கேட்கவில்லை,
முன்பே தெரிந்திருக்கும்.
"கடையில பதினஞ்சும்பான்.
கழுத்து வரைக்கும் நிரப்ப வரிசையில எவ விடுவா?
பன்னெண்டுன்னு எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.
பன்னிரண்டு.
சொன்னது இசக்கிமுத்து, வியாழக்கிழமை, படிக்கட்டில்.
அதற்குக் கீழே
இன்னொரு வரி:
குடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.