இருபத்தாறு மில்லிமீட்டர்

சாட்ஸ்வொர்த்தில் குரங்குகள் சன்னல் வழியே வரும்.
ரொட்டி எடுக்கும், வாழைப்பழம் எடுக்கும்,
ஒருமுறை என் மின்கட்டண ரசீதை எடுத்துப் போனது ஒன்று.
அதையே விளையாட்டாக்கினேன்:
ஒருவர் குரங்கு, ஒருவர் சமையலறை.
விரலால் இழுத்துச் சன்னலைச் சாத்த வேண்டும்,
அவ்வளவுதான்.

முதல் வாரமே சண்டை.
உம்லாங்காவிலிருந்து கெருஷன் எழுதினான்:
என் டேப்லெட்டில் சன்னல் ஒரு சாண் அகலம்,
கட்டைவிரல் போய்ச் சேர்வதற்குள்
குரங்கு தின்று முடித்து ஏப்பம் விடுகிறது.
வாரிக் சந்தியில் கடைக் காவல் பார்க்கும் வுசுமுசி
குரல் அனுப்பினார்:
என் போனில் குரங்கு ஒரு பேன்.
விரலை வைத்தால் விரலுக்கடியிலேயே ஒளிந்துகொள்கிறது.

இருவர் சொன்னதும் உண்மை.
புள்ளிகளை எண்ணி நான் நீதி வழங்கியிருந்தேன்.
கண்ணாடிக்கு உள்ளே புள்ளிகள் சமம்.
வெளியே இருப்பது
எலும்பும் நகமும் உள்ள விரல்,
திரைக்குத் தக்கபடி அது நீள்வதில்லை.

எறும்புக்கும் எண் சாண் உண்டுதான், அதன் கையால்.
எறும்பும் யானையும் ஒரே சன்னலைச் சாத்தப் போட்டியிட்டால்
யார் கையை வைத்து அளப்பது?

நீ எத்தனை அங்குலம் என்று போன்களையே கேட்டுப் பார்த்தேன்.
மலிவானவை பொய் சொல்லின.
விலை கூடியவையும் சொல்லின,
கொஞ்சம் நயமாக.

மின்வெட்டு இரவொன்றில்
மேசையில் சில்லறை எண்ணும்போது பிடிபட்டது:
ஐந்து ரேண்ட் நாணயம்.
உம்லாங்காவிலும் இருபத்தாறு மில்லிமீட்டர்,
உம்லாசியிலும் இருபத்தாறு.
பணத்தில் எல்லோருக்கும் சமமாக இருப்பது
அதன் விட்டம் மட்டும்தான்.

தொடக்கத் திரையில் எழுதினேன்:
நாணயத்தைக் கண்ணாடிமேல் வையுங்கள்,
வட்டத்தை அதன் விளிம்புவரை இழுங்கள்.
அதன்பின் எவர் கையிலும்
சன்னல் மூன்று விரற்கடை,
குரங்கு கட்டைவிரலைவிடச் சற்றே பெரிது,
மிச்சத் திரை கருப்பு.

கெருஷன் கொதித்தான்:
காசு கொடுத்து வாங்கிய திரையில்
பாதியைத் துக்கத்துக்கு விடுவதா?
விடத்தான் வேண்டும் என்றேன்.
அந்தப் பதிலில் எனக்கு ஒரு பெருமை இருந்தது,
ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு வுசுமுசி ஜெயிக்க ஆரம்பித்தார்.
தொடர்ந்து நாற்பத்தோரு ஆட்டம்.
பதிவுகளைப் பிரித்தால், அவர் சன்னல் மட்டும் குறுகல்.
இரண்டு ரேண்டை வைத்து அளந்திருக்கிறார்.
மூன்று மில்லிமீட்டர் கள்ளத்தனம்.

சனிக்கிழமை நேரே போனேன்,
கையும் களவுமாகப் பிடிக்க.
அவர் தயங்காமல் போனை நீட்டினார்.
வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல்,
மேலே ஒட்டிய டேப்புக்கும் வயதாகிவிட்டது.
அங்கே தொட்டால் எதுவும் நடக்காது.
சன்னலின் தாழ்ப்பாளை நான் வைத்திருந்தது
சரியாக அங்கேதான்.

ஐந்தை டாக்ஸிக்குக் கொடுத்துவிட்டேன்,
அதனால்தான் அன்றைக்கு இரண்டை வைத்தேன் என்றார்.
வைத்ததும் எல்லாம் சுருங்கி
தாழ்ப்பாள் இப்பக்கம் வந்துவிட்டது.
அதுவரை ஒரு சன்னலைக்கூட
நான் சாத்தியதில்லை, தெரியுமா?
எனக்குத் தெரியாது.
தோற்றவர்களின் பதிவுகளை நான் பிரித்ததே இல்லை.

திரும்பும் டாக்ஸியில் விதிகளைத் திறந்து
கள்ளாட்டம் என்ற சொல்லை அழித்தேன்.
அந்த இடத்தில் வைக்க வேறு சொல் வரவில்லை.
பின்வரிசைக் கட்டணம் கைமாறிக் கைமாறி
என் உள்ளங்கைக்கு வந்தது,
ஐந்தும் இரண்டும் கலந்து, வெதுவெதுப்பாக.
எண்ணாமல் முன்னால் நீட்டினேன்.